பன்னிரண்டே காலுக்கு வராத பசி

என் நாட்குறிப்பில் இருபத்து மூன்று வருடங்களாக ஒரு வரி மாறவே இல்லை: "12.15 – பகல் சாப்பாடு." அடைமழை நாளிலும் இருக்கிறது, சம்பளப் போராட்டம் நடந்த நாட்களிலும் இருக்கிறது. மாமனார் இறந்த அன்று மட்டும் 12.40 என்று இருக்கிறது. அதற்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறேன்.

போன வருடம் பதுளை ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அதன்பின் பஸ்ஸில், கடையில், கோயிலில் என்று பார்க்கிற இடமெல்லாம் என்ன வருத்தம், எப்படி வந்தது, இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அது எனக்குப் பிடிக்காது. ஆகவே நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பசறையிலிருந்து நாலு மைல் தள்ளிய ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது பதினான்கு பிள்ளைகள். பத்து மணிக்குச் சத்துமா உருண்டை, பன்னிரண்டுக்குப் பருப்பும் கீரையும் போட்டுப் பிசைந்த சோறு, மூன்று மணிக்குப் பால். கணவர் சிவலிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் அறையில் வேலை செய்கிறார்.

வருத்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்பிள்ளைக்குச் சடங்கு. விசேஷ வீட்டுக்குப் பசியோடு போய் நிற்பது மரியாதை இல்லை என்பதால் 11.30க்கு வீட்டில் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். 1.10க்குப் பந்தியில் உட்கார்ந்தேன். ஆட்டிறைச்சிக் கறி. பிள்ளையின் தாய் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். வேண்டாம் என்றால் அவள் முகம் விழுந்துவிடும், ஆகவே மூன்று தடவை வாங்கினேன். வரும்போது ஒரு பார்சலும் கையில் கொடுத்தார்கள். இரவு வரை வைத்தால் கெட்டுப்போகும் என்று 4.00 மணிக்குத் தேநீரோடு அதையும் முடித்தேன்.

5.20க்கு வலி வந்தது. மேல்வயிற்றில் தொடங்கி நேராக முதுகுக்குப் போனது. பின்னாலிருந்து யாரோ ஸ்குரூ முடுக்குவதுபோல இருந்தது. வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்தேன். அதை வாந்தி எடுத்தேன். இவர் என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, வெறும் வயிறாக இருப்பதால்தான் வலிக்கிறது, இரண்டு பிஸ்கட் சாப்பிடு என்றார். அந்த நிலையிலும் நான் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே நம்பமுடியவில்லை, ஆனால் 6.05 என்று நேரத்தோடு குறித்திருக்கிறது.

ஏழு மணிக்கு ஆட்டோவில் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் என் வயிறு எண்ணியது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், மறுநாள் ஸ்கேன் செய்தார்கள். பெண்கள் வார்டில் எங்களைப் பார்த்த டொக்டர் ஷாமினி, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. வார்டில் இருந்த தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதில் பெருமை. அவர் ஒரு துண்டுத் தாளில் படம் வரைந்து விளக்கினார். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. சாப்பாட்டைக் கரைக்கிற நீர் அதிலிருந்துதான் வருகிறது. பித்தப்பையிலிருந்து வரும் குழாயும் அதன் குழாயும் முடிவில் ஒரே வாசலில் சேருகின்றன. என் பித்தப்பையில் கற்கள் இருந்தன. அதில் குரக்கன் மணி அளவுள்ள சின்னக் கல் ஒன்று நழுவி வந்து அந்த வாசலை அடைத்துவிட்டது. வெளியே போகமுடியாத நீர் கணையத்தையே கரைக்கப் பார்த்திருக்கிறது. அதனால் அது வீங்கிவிட்டது.

கல் தானாகவே விலகிவிட்டதாம். வீக்கம் வற்ற வேண்டும். ஆறு வாரம் கழித்துப் பித்தப்பையை எடுத்துவிடுவார்கள். "அதுக்குள்ள இன்னொரு தடவ வரக்கூடாதும்மா. இப்ப வந்தது லேசானது. அடுத்தது இப்படி இருக்கும்னு சொல்ல ஏலாது," என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னபோது என் கையைப் பிடித்திருந்தார். லேசான ஒன்றுக்கே நான் ஆட்டோவில், தூரத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டேன். அடுத்தது என்ற சொல் அன்றிலிருந்து என் கூடவே இருந்தது.

மூன்று நாள் வாய்க்கு ஒன்றும் கிடையாது. சேலைன் மட்டும். கட்டிலின் தலைமாட்டில் வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது என்று மும்மொழியிலும் ஓர் அட்டை தொங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதை வாசித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், பிறகு கொண்டுவந்த சாப்பாட்டை அதன் கீழேயே வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு யார் வருவார்கள்? செவ்வாய்க்கிழமை மாலைக்குள் என் அலுமாரியில் பாலில் கரைக்கிற மோல்ட் மா டின் ஒன்று, நாலு தோடம்பழம், மூன்று கிரீம் கிராக்கர் பொட்டலம், வாழைப்பழச் சீப்பு ஒன்று, எங்கள் மடுவத்து ஆயா அவித்துக் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கு எல்லாம் இருந்தன. நாளைக்கு அவர்கள் படுத்தால் நாங்களும் அதற்குக் குறையாமல் கொண்டுபோக வேண்டும் என்பதால் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதிவைத்தேன்.

இவர் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக் கேரியரோடு வந்தார். எனக்குத்தான் தரமுடியாதே என்று கேட்டேன். பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டதாகச் சொன்னார். தனியாகச் சாப்பிடவும் அவருக்கு இறங்கவில்லையாம். கடைசியில் என் பங்கைப் பக்கத்துக் கட்டில் புஷ்பம் சாப்பிட்டாள்.

புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பக்கம் கொழுந்து பறிக்கிறவள், என் வயதுதான். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து, புண்ணாக்கி, கால் வீங்கி வந்திருந்தாள். கால் தலையணை மேல் இருக்கும், வாய் ஓயாது. என் நாட்குறிப்பைப் பார்த்து முதல்நாளே, "கணக்கப்பிள்ளையா நீங்க?" என்று கேட்டாள். மரவள்ளிக்கிழங்கில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தள்ளிவைத்தாள். நல்ல கிழங்கு, இன்னும் இரண்டு துண்டுதானே என்றேன். "நல்லாத்தான் இருக்கு. நெறஞ்சிருச்சு," என்றாள். நான் அந்த இரண்டு துண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை டொக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலி இல்லை. முன்பெல்லாம் இரத்தப் பரிசோதனை சரியாகும்வரை பட்டினி போடுவார்களாம். இப்போது நோயாளிக்குத் தானாகப் பசி எடுப்பதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்களாம்.

"பசிச்சா சொல்லுங்கம்மா. கஞ்சி குடுக்கச் சொல்றேன்."

"எத்தன மணிக்கு டொக்டர்?"

"மணி இல்லம்மா. பசி வரும்போது."

"சரிங்க. எத்தன மணிக்கு வரும்னு சொன்னீங்கன்னா எழுதி வச்சுக்குவேன்."

டொக்டர் சிரித்தார். பிறகு என் கையில் பேனா இருப்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். எந்த நேரமானாலும் தாதியிடம் சொல்லலாம், சிறிய கோப்பையில் தொடங்க வேண்டும், போதும் என்று தோன்றினால் நிறுத்திவிட வேண்டும், முடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக எழுதினேன்.

அன்று முழுவதும் பசிக்காகக் காத்திருந்தேன். வந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தலைவலி தெரியும், தாகம் தெரியும். பசி என்று ஒன்று வயிற்றில் எங்கே தொடங்கும் என்று யோசித்தால் ஞாபகத்துக்கு வரவில்லை. பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிட்டுவிடுவதுதான் எங்கள் வீட்டில் வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது. நான் கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் சனங்கள் பட்டபாட்டை அம்மா சொல்லுவார். அதைப் பார்த்தவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டார்கள், வயிறு கேட்கும்வரை காத்திருக்கவும் மாட்டார்கள். இருக்கும்போது சாப்பிட்டுவிட வேண்டும். நான் அந்தப் பஞ்சத்தைப் பார்க்கவில்லை. பயத்தை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பகல் சாப்பாட்டு வண்டி வந்தது. பருப்பு வாசனை. வாயில் எச்சில் ஊறியது. கடிகாரத்தைப் பார்த்தேன்: 12.05. இதுதான் என்று முடிவுசெய்து கையைத் தூக்கினேன். எங்கள் தாதி சிங்களப் பிள்ளை, தமிழை அளந்து அளந்து பேசுவார். கஞ்சியைக் கொடுத்து, "அம்மா, பாதி மட்டும். மெதுவா," என்றார். நான் மெதுவாகத்தான் குடித்தேன். ஆனால் பாதியில் நிறுத்தி ஒரு கோப்பையை மிச்சத்தோடு திருப்பிக் கொடுப்பதற்கு என் கைக்குத் தெரியவில்லை. வழித்துக் குடித்தேன்.

1.10க்கு ஸ்குரூ மறுபடியும் திரும்பியது.

மறுபடியும் சேலைன், மறுபடியும் அட்டை, மறுபடியும் இரத்தம். அடுத்தது என்பது இதுதானா என்று வெள்ளிக்கிழமை ஸ்கேன் செய்யும்வரை நினைத்துக்கொண்டே கிடந்தேன். ஸ்கேனில் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது, நீர் கட்டவில்லை என்று வந்தது. டொக்டர் கட்டிலில் உட்கார்ந்து, நேற்று உண்மையிலேயே பசித்ததா என்று கேட்டார். பசித்தது என்றேன். ஆதாரமாக நாட்குறிப்பையும் நீட்டினேன். "12.05 – பசி" என்று எழுதியிருந்தது.

அவர் அந்தப் பக்கத்தோடு நிற்காமல் பின்னால் புரட்டினார். வரிவரியாக வாசித்தார். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டே கால், மூன்றரை, ஏழரை.

"சாப்பாடெல்லாம் இருக்கும்மா. பசி ஒரு எடத்துலயும் காணோமே."

நான் புத்தகத்தை வாங்கித் தேடினேன். அன்று பின்னேரம் முழுவதும் அதுதான் வேலை. அந்த வருடப் புத்தகத்தில் பசி என்ற சொல் இன்னும் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. "விடாத மழை. கோழிகள் பசியில் கத்தின." என் வீட்டில் கோழிகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இதைப் புஷ்பத்திடம் சொன்னேன். சிரித்ததில் அவள் கால் தலையணையிலிருந்து நழுவிவிட்டது. பசி வந்தால் அவளுக்கு முதலில் கோபம்தான் வருமாம். கொழுந்துக் கூடையைத் தூக்கிக் கங்காணியின் தலையில் கவிழ்க்கவேண்டும் போல இருக்குமாம். அவளிடம் ஒரு சோதனையும் இருந்தது.

"நேத்து சுட்ட ரொட்டி. காஞ்சு போனது. தொட்டுக்க சம்பலும் இல்ல. அத திங்கலாம்னு தோணுச்சுன்னா பசி. இல்ல, ஆட்டுக்கறி இருந்தாத் திங்கலாம்னு தோணுச்சுன்னா அது வாயி கேக்குறது, வயிறு இல்ல."

"எச்சில் ஊறுச்சே?"

"புளியங்காயப் பாத்தாலும் தான் ஊறுது டீச்சர்."

மறுநாள் டொக்டரிடம் இந்தச் சோதனை சரியா என்று கேட்டேன். ரொம்பச் சரி என்றார். இப்படி உடம்பின் சொல்லைக் கேட்டுச் சாப்பிடுவதை உள்ளுணர்வு உணவுமுறை என்று இப்போது புத்தகங்கள் எழுதுகிறார்களாம். ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை சொன்னார். எண்ணெய், தேங்காய்ப்பால், இறைச்சிக் கொழுப்பு மூன்றும் ஒப்பரேஷன் முடியும்வரை வயிறு கேட்டாலும் கிடையாது. மற்றதில் எப்போது, எவ்வளவு என்பதை வயிற்றிடம் விட்டுவிட வேண்டும். புத்தகம் எழுதுகிறவர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்த புஷ்பம், கேட்டுக்கொண்டே என் கிரீம் கிராக்கரைப் பிரித்தாள்.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டே காலுக்குக் காய்ந்த ரொட்டியை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று இருந்தது. அப்படியானால் நேற்றுவரை, முந்தாநாள்வரை, இருபத்து மூன்று வருடமாக அந்த நேரத்தில் என்னதான் நடந்துகொண்டிருந்தது என்று நினைத்தேன். அதை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். வாசனை எதுவும் இல்லை. புஷ்பம் குறட்டை விட்டாள். எனக்குக் காரணம் இல்லாமல் எல்லார்மேலும் எரிச்சலாக வந்தது. மின்விசிறி சத்தம் போடுகிறது, ஜன்னலில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள், புஷ்பம் ஏன் இப்படிக் குறட்டை விடுகிறாள். மேல்வயிற்றில் ஏதோ காலியான அறைபோல ஒன்று. வலி இல்லை. காய்ந்த ரொட்டியை நினைத்தேன். ஓரம் கருகிய ஒரு ரொட்டி கண்முன் வந்து நின்றது. அதன் கருகிய பகுதியைக்கூட விடமாட்டேன் போலிருந்தது. மணி 3.50.

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று பத்து நிமிடம் பொறுத்தேன். போகவில்லை, கூடியது. எழுந்து சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு தாதியின் மேசைக்குப் போனேன்.

"மிஸ், பசிக்குது."

"வண்டி அஞ்சு மணிக்குத் தானே அம்மா," என்றவர் என் முகத்தைப் பார்த்தார். டொக்டர் எழுதிவைத்ததையும் பார்த்தார். கொதிதண்ணீரில் வெறுந்தேநீர் ஊற்றி, தன் பையிலிருந்து நாலு ரஸ்க் எடுத்து ஒரு தட்டில் வைத்துத் தந்தார்.

ரஸ்க்கைத் தேநீரில் தோய்த்து ஒரு கடி கடித்தேன். ஐம்பத்தொரு வயதில் ரஸ்க் இவ்வளவு ருசி என்று கண்டுபிடித்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பாதிக்கு வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. ருசி இறங்கிவிட்டது. ரஸ்க் மாறவில்லை, அதே ரஸ்க். வயிற்றிலிருந்த காலி அறையில் ஆள் வந்துவிட்டது. நிறுத்த வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது.

தெரிந்தது, ஆனால் நிறுத்துவது பசியைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. தட்டில் ஒன்றரை ரஸ்க். அதை வைத்தவர் எதிரிலேயே இருக்கிறார். வியாழக்கிழமையின் 1.10ஐ நினைத்துக்கொண்டு தட்டைப் பிடித்தபடி கட்டிலுக்கு வந்தேன். கண்ணைத் திறக்காமலே புஷ்பம் கையை நீட்டினாள்.

5.00 வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 5.05. 5.30. ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை துண்டு வெட்டி, அதாவது வார்டில் பெயரை எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். அலுமாரியில் எஞ்சியிருந்ததைப் புஷ்பத்தின் பக்கம் தள்ளினேன். மோல்ட் டின்னை மட்டும் இவர் தூக்கிக்கொண்டார். வாசல்வரை வந்த டொக்டர் ஆறு வாரத்தில் சந்திக்கிறேன் என்றார். அதுவரை வரக்கூடாது என்பதை அவர் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு அது கேட்டது.

வீட்டில் நடைமுறைப்படுத்துவது ஆஸ்பத்திரியைவிடச் சிக்கல். மறுநாள் இவர் லீவு போட்டுவிட்டு அவரே சமைத்தார். சோறு, தேங்காய் சேர்க்காத பூசணிக்காய், பருப்பு. சரியாக 12.15க்குத் தட்டை வைத்தார். நான் காய்ந்த ரொட்டியை நினைத்துப் பார்த்தேன்.

"எனக்குப் பசிக்கல," என்றேன்.

இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் இந்தச் சொல்லை நான் கோபத்துக்கு மட்டும்தான் எடுத்திருக்கிறேன். என் வீட்டில் மட்டுமில்லை, லயத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான். வயிறு காலியாக இருக்கும்போது சொன்னால்தான் அது உறைக்கும்.

நான் எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து இவர் தானாகவே பேசத் தொடங்கினார்.

"சரி, தெரிஞ்சு போச்சா? மோல்ட் டின்ன நேத்தே கீழ் லயத்து மச்சானுக்குக் குடுத்தேன். அவுங்க வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல்."

எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"போன வருசத்து டைரியில ரெண்டு தாள் கிழிச்சேன். வயரிங் படம் போட வேற தாள் இல்ல. கடைசியில இருந்த எழுதாத தாள் தான் பரமேசு."

நான் இன்னும் பேசவில்லை. இந்தத் தடவை வேண்டுமென்றே.

"கோழிக்கூட்ட மூட மறந்தது என் தப்பு தான். கீரி வரும்னு யாருக்குத் தெரியும்? அந்த செவப்புக் கோழி தான் போச்சு. மத்ததெல்லாம் இருக்கு."

அது முட்டையிடுகிற கோழி. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததிலிருந்து அதை நான் தேடவே இல்லை என்பது வேறு விஷயம். கேட்காமலே மூன்று வாக்குமூலம் கிடைத்துவிட்டது. இப்போது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 1.35க்கு உண்மையாகவே பசியும் வந்தது. நான் ஆத்திரத்தோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கோவம்னா எதுக்கு சாப்புடுற?"

அன்று பின்னேரம் ஓர் ஒப்பந்தம் செய்தோம். பசிக்கவில்லை என்றால் வயிற்றைப் பற்றி மட்டும்தான். கோபம் என்றால் கோபமாக இருக்கிறேன் என்று நேராகச் சொல்ல வேண்டும். அவர் தட்டோடு காத்திருக்கக்கூடாது, அவருக்குப் பசிக்கும்போது சாப்பிட்டுவிட வேண்டும். எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் வாரம் இவர் என்னை நாலு தடவை, "இது எந்தப் பசிக்கல?" என்று கேட்டார்.

மூன்றாவது வாரம் மடுவத்துக்குத் திரும்பினேன். பெரிய ஆபத்து அங்கே இருந்தது.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தால் தட்டுகளில் மிச்சம் இருக்கும். ஒரு தட்டில் இரண்டு கரண்டி, இன்னொன்றில் ஒரு கரண்டி. பிள்ளைகளின் சோற்றைக் கொட்டக்கூடாது. ஆகவே பதினான்கு தட்டையும் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு நான் சாப்பிட்டுவிடுவேன். அதற்குப் பிறகு 12.15க்கு என் சாப்பாடு. கிண்ணத்தைச் சாப்பாடு என்று நான் எண்ணியதே இல்லை. அதனால் நாட்குறிப்பிலும் இல்லை. இருபத்து மூன்று வருடம் தினமும் நான் எழுதாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: முழுவதும் சாப்பிட்டதா? எல்லாப் பிள்ளைக்கும் ஆம் என்று போடுவேன். பொய் இல்லை. தட்டு காலிதான். யார் காலி செய்தது என்று படிவத்தில் கேட்கவில்லை. மாலையில் தாய்மார் வந்து கேட்டாலும் முழுசா முடிஞ்சிருச்சு என்பேன். மாதக் கடைசியில் எடை பார்க்கும்போது, இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு ஏன் எடை ஏறவில்லை என்று ஆயாவும் நானும் சேர்ந்து கவலைப்பட்டிருக்கிறோம். கவலையோடு கிண்ணத்தையும் முடித்திருக்கிறேன்.

திரும்பிவந்த முதல்நாள், கவிநயா என்கிற இரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வாயில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். வழக்கமாக இந்த இடத்தில் நான் காக்காயைக் காட்டுவேன், பூனையைக் கூப்பிடுவேன், வாய் திறந்ததும் கரண்டியை உள்ளே விட்டுவிடுவேன். அன்று கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துக் கற்றதை இவள் பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறாள். அதைத்தான் காக்காய் காட்டி மறக்கடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை பிள்ளைகள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

மறுநாள் முதல் ஒவ்வொரு தட்டிலும் பாதி அளவே வைத்தோம். வேண்டுமானால் இன்னொரு தடவை. கவிநயா ஒரு நாள் இரண்டு வாயோடு நிறுத்தினாள், இன்னொரு நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆயாவின் பின்னால் மூன்று தடவை போனாள். மிச்சம் ஒரு சின்னக் கோப்பை அளவுக்கு வந்தது, அதை எங்கள் கோழிகளுக்குக் கொண்டுபோனேன். அவற்றுக்குத்தான் பசியை அடையாளம் தெரியுமே. படிவத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் கீறி, போதும் என்றது என்று தலைப்புப் போட்டேன். கவிநயாவின் தாய்க்கு இது பிடிக்கவில்லை.

"மிச்சம் வச்சா ஏன் டீச்சர் விட்டீங்க? அதட்டி ஊட்ட வேண்டியது தானே?"

முன்பும் மிச்சம்தான் வைத்தாள், நான்தான் சாப்பிட்டேன் என்றேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

ஆறு வாரம் ஓடியது. இரண்டு தடவை, 12.15க்குப் பழக்கத்தில் தட்டின் முன் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். ஒரு தடவை எழும்பவில்லை. அன்று மாலைவரை பயந்துகொண்டிருந்தேன், வயிறு மன்னித்துவிட்டது. வலி வரவில்லை. குறித்த நாளில் மறுபடி பதுளைக்குப் போனேன். இடையில் ஏதாவது வந்ததா என்று டொக்டர் ஷாமினி கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நாளைக்கு எடுத்துருவோம்," என்றார். அன்றுவரை தோளிலேயே உட்கார்ந்திருந்த அடுத்தது என்ற சொல் அப்போதுதான் இறங்கியது.

வயிற்றில் நாலு சின்னத் துளை, அவ்வளவுதான். எட்டுக் கல். ஒரு குப்பியில் போட்டுக் காட்டினார்கள். காலை ஒப்பரேஷன், பின்னேரம் மயக்கம் நன்றாகத் தெளிந்தது. ஆறு மணிக்குத்தான் கஞ்சி தருவோம் என்று தாதி சொல்லியிருந்தார். 4.25க்குப் பசித்தது. சோதனை எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. பழக்கமான ஆள் வாசலில் வந்து நிற்பதுபோல, பார்த்ததுமே தெரிந்தது.

இவரிடம் சொன்னேன். உடனே எழுந்து தாதியிடம் போகப் பார்த்தார். பசியோடு ஒருத்தியை ஒன்றரை மணிநேரம் படுக்கவைப்பதா என்று அவருக்குத் தாங்கவில்லை.

"இருங்க," என்றேன். "பசி தானே. இருந்துட்டுப் போகட்டும்."

அவர் உட்கார்ந்தார். பசி இருந்தது. கொஞ்சம் கூடியது, பிறகு கொஞ்சம் அடங்கியது, மறுபடி கூடியது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா என்னிடம் கொடுத்துவிட்டுப்போன பயம் அன்று பின்னேரம் பக்கத்தில் வரவே இல்லை. நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் மலையேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கஞ்சி வந்தது. குடித்தேன், ருசி இறங்கிய இடத்தில் வைத்துவிட்டேன். கோப்பையில் கால்வாசி மிச்சம் இருந்தது. இதை எழுதுவதற்காக அன்றைய பக்கத்தைப் பார்க்கிறேன். "கஞ்சி. போதும் என்றேன்" என்று மட்டும் இருக்கிறது. நேரம் எழுதவில்லை. கடிகாரம் பார்க்க மறந்திருக்கிறேன்.